கேம்பர் வேன், டிரெய்லர்: ஏற்காட்டு அடிவாரத்திலிருந்து முக்கியக் குறிப்புகள்

மோட்டார் வாகன ஆய்வாளர் நிலை-2 பணிக்கு டிஎன்பிஎஸ்சி நடத்தும் தேர்வுக்குப் படிப்பவர்கள் கேம்பர் வேனைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் வாகன வகைப்பாடு, மொத்த எடை, உரிமம், வாகன மாற்றம், பிரேக்கின் வெப்பம் என ஐந்து தலைப்புகளை ஒரே வண்டியில் வைத்துப் படிக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. சேலத்தை ஒட்டிய கொண்டப்பநாயக்கன்பட்டியில் உட்கார்ந்து படிப்பவருக்கு இன்னும் வசதி. ஊருக்கு மேலே ஏற்காட்டு மலை, ஒரு மணி நேர ஓட்டத்தில் லாரிக்குப் பாடி கட்டும் நாமக்கல். எனவே இந்தக் குறிப்புகள் இந்த ஊர்க்காரர் ஒருவர் வண்டி தேர்ந்தெடுப்பதாக வைத்தே எழுதப்பட்டுள்ளன. எண் வரும் இடத்தில் எண்ணை மனப்பாடம் செய்யவும், மற்ற இடத்தில் காரணத்தைப் பிடிக்கவும்.

வரையறையும் வகையும்

• மோட்டார் கேரவன்: தானே ஓடும் வண்டிக்குள் வசிப்பிடம். ஏஐஎஸ் 053 தரநிலைப்படி குறைந்தது நான்கு வசதிகள் வேண்டும்: இருக்கையும் மேசையும், படுக்கை (இருக்கையை விரித்தும் படுக்கையாக்கலாம்), சமையல் வசதி, பொருள் வைக்கும் இடம். இவை வசிக்கும் அறையோடு அசையாதபடி பொருத்தப்பட்டிருக்க வேண்டும். மேசைக்கு மட்டும் விலக்கு, அதைக் கழற்றி எடுக்கலாம்.

• கழிவறை இந்த நான்கில் இல்லை. விளம்பரத்தில் முதலில் காட்டுவது அதைத்தான் என்பதால் பலரும் தவறாகக் குறிக்கும் விடை இது.

• மோட்டார் கேரவனுக்கான தனித் தரநிலை ஏஐஎஸ் 124. இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியவை: பேருந்து பாடி 052, படுக்கைப் பேருந்து 119, லாரி பாடி 093.

• டிரெய்லர்: மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(46). மோட்டார் வாகனத்தால் இழுக்கப்படுவது. செமி டிரெய்லரும் சைடு காரும் இதில் சேராது. செமி டிரெய்லருக்குப் பிரிவு 2(39).

• டிரெய்லரின் எடை வகைகள்: டி1 என்றால் மொத்த எடை 750 கிலோ வரை. டி2 3.5 டன் வரை. டி3 10 டன் வரை. அதற்கு மேல் டி4. குடும்பச் சுற்றுலாவுக்கு ஆகிற டிரெய்லர்கள் டி1, டி2 இரண்டுக்குள் முடிந்துவிடும்.

• சுங்க வகைப்பாட்டில் வசிக்கவும் முகாமிடவும் ஆன கேரவன் டிரெய்லருக்கு 8716.10. மோட்டார் இல்லம் 8703-இல் கார்களோடு சேரும்.

• பிரிவு 41(4)-இன்படி மத்திய அரசு 2004 நவம்பர் 5 அன்று வெளியிட்ட அறிவிக்கையில் கேம்பர் வேன், டிரெய்லர் இரண்டு இடங்களில் வருகிறது. வாடகைக்கு ஓடினால் போக்குவரத்து வாகனம். ‘சொந்தப் பயன்பாட்டுக்கு’ என்றால் போக்குவரத்து அல்லாத வாகனம். ஒரே வண்டிதான், எதற்கு ஓட்டுகிறோம் என்பதை வைத்து வகுப்பு மாறும். வரி, தகுதிச் சான்று, பர்மிட் மூன்றும் இதைத் தொடர்ந்து மாறும். தமிழ்நாட்டில் வரிக்கான சட்டம் தமிழ்நாடு மோட்டார் வாகன வரிவிதிப்புச் சட்டம் 1974.

• அதே அறிவிக்கையில் ரிக் பொருத்திய வண்டியும் போக்குவரத்து அல்லாத வாகனப் பட்டியலில் இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டிகள் நிறைந்த திருச்செங்கோட்டின் ஊர்க்காரர் இதை மறக்க மாட்டார்.

• போலேரோ கேம்பர் என்ற பெயரைப் பார்த்துவிட்டு ஏமாற வேண்டாம். அது இரட்டைக் கேபின் பிக்கப். சேலம் பக்கத்தில் சிமென்ட்டும் காய்கறியும் ஏற்றும் வண்டி. அதன் மேல் வீடு கட்டினால்தான் இந்தப் பாடத்துக்குள் வரும். (கட்டியிருக்கிறார்கள், பின்னால் வருகிறது.)

வரலாறு: உப்பு வண்டி முதல்

வெளிநாட்டு வரலாற்றைத் தொடும் முன் நம் பக்கத்தைப் பார்ப்பது நல்லது. உமணர் எனும் உப்பு வணிகர் குடும்பத்தோடு, சமையல் பாண்டத்தோடு மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போனதைப் பெரும்பாணாற்றுப்படை விரிவாகச் சொல்கிறது. குழந்தையை வைத்துக்கொண்டே பெண் வண்டி ஓட்டும் காட்சியும் அதில் உண்டு. ஆசிரியர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். பாட்டுடைத் தலைவன் தொண்டைமான் இளந்திரையன்.

• புறநானூறு 102: ஔவையார் பாடியது. அதியமானின் மகன் பொகுட்டெழினியை, உமணர் வண்டியின் அடியில் கட்டி வைத்த சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். இன்றைய ஸ்டெப்னிக்குச் சங்க காலச் சான்று. அதியமானின் தகடூர் இன்றைய தருமபுரி, நமக்குத் தொப்பூர்க் கணவாயைத் தாண்டினால் வருவது. பொதுத்தமிழ் பகுதிக்கும் இது பயன்படும்.

• பொழுதுபோக்குக்காகவே செய்யப்பட்ட முதல் கேரவன் என்று பொதுவாகச் சொல்லப்படுவது ‘வாண்டரர்’, 1885. செய்யச் சொன்னவர் கோர்டன் ஸ்டேபிள்ஸ், கடற்படை மருத்துவராக இருந்து எழுத்தாளரானவர். இரண்டு குதிரை இழுத்தது, எடை சுமார் 2 டன். குறுகிய சாலையில் எதிர்வரும் வண்டிகளை எச்சரிக்க ஒரு வேலையாள் மூன்று சக்கர மிதிவண்டியில் முன்னே போவாராம். ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவில் பேருந்து திரும்பும்போது முன்னால் இறங்கி நின்று கை காட்டுபவர் செய்வதும் இந்த வேலைதான்.

• பிரிட்டனில் கேரவன் கிளப்: 1907. அமெரிக்காவில் ஏர்ஸ்ட்ரீம்: 1931, வாலி பையம். ஃபோக்ஸ்வாகன் வேனில் வெஸ்ட்ஃபாலியா செய்த கேம்பர்: 1951.

• தமிழ்நாட்டில் கேரவன் என்றால் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர் ஓய்வெடுக்கும் வண்டிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. அந்த வண்டி ஓரிடத்தில் நாள் முழுக்க நிற்பதற்கானது. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். ஊர் சுற்றுவதற்கு அதை மாதிரியாக எடுத்துக்கொள்வது பெரும் தவறு.

நாமக்கல்லும் திருச்செங்கோடும் சொல்லித்தரும் பாடம்

• நாமக்கல் மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்த நாள்: 1997 ஜனவரி 1. பதிவெண்கள்: நாமக்கல் டிஎன் 28, திருச்செங்கோடு டிஎன் 34, சங்ககிரி டிஎன் 52, சேலம் மேற்கு டிஎன் 30, சேலம் கிழக்கு டிஎன் 54.

• சேலம் வழியே செல்லும் தேசிய நெடுஞ்சாலைகள்: 44 (ஸ்ரீநகர்–கன்னியாகுமரி, பழைய 7), 544 (சேலம்–கொச்சி, பழைய 47), 79 (சேலம்–உளுந்தூர்பேட்டை, பழைய 68).

• நாமக்கல், லாரி பாடி கட்டும் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். தென்மண்டல எல்பிஜி டேங்கர் லாரி உரிமையாளர் சங்கத்தின் தலைமையிடமும் அங்கேதான்.

இந்தப் பகுதியில் வண்டியில் குடித்தனம் நடத்துவது புதிதே அல்ல. வடநாட்டு லோடுக்குப் போகும் லாரியைப் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும். டிரைவர் இருக்கைக்குப் பின்னால் படுக்கை. பக்கவாட்டில் சேஸை ஒட்டி ஒரு இரும்புப் பெட்டி. அதன் கதவைக் கீழே இறக்கினால் அதுவே பலகை. உள்ளே அடுப்பு, அரிசி, புளி, மிளகாய்த்தூள் டப்பா, நசுங்கிய குக்கர். இன்னொரு பக்கம் தண்ணீர்க் கேன். கனமான பொருள் எல்லாம் அச்சுக்கு அருகில், தாழ்வாக. எதுவும் கதவைத் திறந்தால் உருளாதபடி துணியால் திணித்திருக்கும். திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிகள் இதிலும் ஒரு படி மேல். ரிக் ஒரு லாரி, கூடவே துணை லாரி. குழாய், டீசல், ஆட்கள், சமையல் எல்லாம் அந்த இரண்டில். மாதக்கணக்கில் வெளி மாநிலத்தில் இருப்பார்கள்.

கேம்பர் வேன் உள்ளமைப்புப் படங்களில் தலைக்கு மேல் வரிசையாகப் பளபளக்கும் அலமாரிகளைப் பார்க்கும்போது எனக்கு இந்த இரும்புப் பெட்டிதான் நினைவுக்கு வரும். எடை தாழ இருக்க வேண்டும் என்பது ஈர்ப்பு மையப் பாடத்தின் முதல் வரி. அதை நன்றாகப் படித்தவர் லாரி டிரைவர்.

எடைக் கணக்கு: இங்கேதான் மதிப்பெண், இங்கேதான் பணமும்

• மொத்த வாகன எடை: வண்டியும் சுமையும் சேர்ந்து, பதிவு அதிகாரி சான்றளித்த எடை. பிரிவு 2(15).

• பிரிவு 113(3): பதிவுச் சான்றில் உள்ள மொத்த எடையை மீறி எந்த மோட்டார் வாகனத்தையும் டிரெய்லரையும் ஓட்டக் கூடாது. தண்டம் பிரிவு 194: ரூ. 20,000, கூடுதலாக ஒவ்வொரு டன்னுக்கும் ரூ. 2,000. லாரிக்கு மட்டும்தான் ஓவர்லோடு என்ற எண்ணம் பரவலாக உண்டு. தவறு.

• மாதிரிக் கணக்கு: காலி வேன் 2,600 கிலோ, அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 3,500 கிலோ. மீதி 900 கிலோ. அதற்குள் ஏற்ற வேண்டியவை: பிளைவுட் அலமாரி, கட்டில் 250, தண்ணீர் 120 லிட்டர், அதாவது 120 கிலோ, பேட்டரி, இன்வெர்ட்டர், சோலார் 90, ஏசி, ஃபிரிட்ஜ் 80, கழிவறையும் தொட்டியும் 60, சிலிண்டர், அடுப்பு, பாத்திரம் 40, ஆட்கள் நான்கு பேர் 260, துணிமணி, மூட்டை முடிச்சு 80. கூட்டினால் 980. எண்பது கிலோ அதிகம்.

• இதில் எதைக் குறைப்பது? ஆட்களைக் குறைக்க முடியாது. தண்ணீரைப் பாதி நிரப்பி மேலே போய் மீதியைப் பிடிக்கலாம். 60 கிலோ இறங்கும். இன்னும் 20 கிலோ மிச்சம். ஏற்காட்டுக்குப் போகிறவர் ஏசியைக் கழற்றினாலே கணக்கு சரியாகிவிடும். காரணம் கீழே.

• தொழிற்சாலையிலேயே கேம்பராக ஒப்புதல் பெற்று வந்த வண்டியில் அலமாரி, கட்டில் எடை எல்லாம் ஆர்.சி.யின் வெற்று எடையிலேயே சேர்ந்திருக்கும். பட்டறையில் பிறகு கட்டியதில் சேர்ந்திருக்காது. இரண்டு வண்டிகளின் ஆர்.சி.யையும் பக்கத்தில் வைத்து, மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்துப் பார்ப்பவர் கடைக்காரரிடம் ஏமாற மாட்டார்.

• சந்தேகம் என்றால் எடை மேடை. சேலம், நாமக்கல் நெடுஞ்சாலைகளில் எடை மேடைக்குப் பஞ்சமில்லை. குடும்பத்தை ஏற்றி, தொட்டியை நிரப்பி, ஒரு முறை நிறுத்திப் பார்ப்பதற்கு ஆகும் செலவு ஒரு சாப்பாட்டுக் காசு.

• டிரெய்லரின் கொக்கி மீது விழும் எடை, டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருப்பது நல்லது. இதற்குக் குறைந்தால், அதாவது பின்பக்கம் கனம் கூடினால், வேகத்தில் டிரெய்லர் வால் ஆட்டும். கூடினால் காரின் முன்சக்கரத்தில் பிடிப்புக் குறையும், ஸ்டியரிங் லேசாகும்.

மலைப்பாதை

• கொண்டை ஊசி வளைவுகள்: சேலம்–ஏற்காடு 20. கொல்லிமலை (காரவள்ளி வழி) 70. வால்பாறை 40. திம்பம் 27. நான்கையும் பொருத்துக வினாவில் கேட்க வாய்ப்பு அதிகம்.

• சேர்வராயன் மலை, கொல்லிமலை இரண்டும் கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தவை. ஏற்காடு உயரம் 1,515 மீ. சேலம் நகரம் சுமார் 278 மீ. ஏற்காட்டில் காப்பிப் பயிரை 1820-களில் கொண்டுவந்தவர் சேலம் ஆட்சியர் எம்.டி. காக்பர்ன்.

• உயர வேறுபாடு சுமார் 1,237 மீ. மலைப்பாதை நீளம் ஏறக்குறைய 20 கி.மீ. என்று கொண்டால், சராசரியாக நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் ஏற்றம்.

• ஏறுவதில் பயமில்லை. எஞ்சின் திணறும், அவ்வளவுதான். இறங்குவதுதான் பாடம். நிலை ஆற்றல் = நிறை × 9.8 × உயரம். 3,500 கிலோ வண்டி ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும்போது விடுவிக்க வேண்டிய ஆற்றல் சுமார் 42.4 மெகா ஜூல். 145 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமான வெப்பம் அது. எஞ்சின் வாங்கிக்கொள்ளாத பங்கு முழுவதும் நான்கு பிரேக்குகளுக்குள்தான் போக வேண்டும்.

• எனவே ஏறிய கியரிலேயே இறங்கு என்ற பழைய டிரைவர் வாக்கு இயற்பியல் விதி. நியூட்ரலில் இறக்கினால் எஞ்சின் பிரேக் என்ற உதவி போய்விடும். தே.நெ. 44-இல் தொப்பூர்க் கணவாயில் சேலம் நோக்கி இறங்கும் லாரிகள் தொடர்ந்து விபத்துக்குள்ளாவதற்குச் சொல்லப்படும் காரணங்களில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் ஓட்டுவதும் ஒன்று. விடுமுறை நாள் மாலையில் ஏற்காட்டு அடிவாரத்தில் நின்றால் இறங்கி வரும் கார்களிடமிருந்து பிரேக் லைனிங் கருகும் வாடை மூக்கைத் துளைக்கும். அவை எல்லாம் வெறும் கார்கள். வீட்டையே ஏற்றிய வண்டிக்கு எவ்வளவு என்று யோசிக்கவும்.

• மலைச் சாலையில் இரு வண்டிகள் தாராளமாக விலக இடமில்லாதபோது ஏறும் வண்டிக்கே முன்னுரிமை. மோட்டார் வாகன (ஓட்டுதல்) ஒழுங்குமுறைகள் 2017. அதற்கு முன்பிருந்த 1989 சாலை விதிகளிலும் இதுவே.

• டிரெய்லர் வளைவில் இழுக்கும் வண்டியின் தடத்தை அப்படியே பின்பற்றாது, உட்பக்கமாக வெட்டும். கொண்டை ஊசி வளைவில் உட்பக்கம் என்றால் மலைச்சுவரோ வடிகாலோ. பின்னோக்கி எடுப்பது இன்னும் சிரமம், ஸ்டியரிங்கை எதிர்த் திசையில் ஒடிக்க வேண்டும். ஏறும் வழியில் பாதி வளைவில் பேருந்து எதிர்ப்பட்டு, டிரெய்லரோடு பின்வாங்க நேர்ந்தால் மலையே நின்றுவிடும்.

ஆகவே டிரெய்லர் ஆதரவாளர்கள் என்ன சொன்னாலும், இந்த ஊரில் வீடு உள்ளவருக்கு இழுவைக் கேரவன் சரிப்படாது என்பதே என் கருத்து. டிரெய்லருக்கு உள்ள பெரிய நன்மை, முகாமில் அதைக் கழற்றி வைத்துவிட்டுக் காரை மட்டும் எடுத்துக்கொண்டு சுற்றலாம் என்பது. ஆஸ்திரேலியாவின் நேர்ச்சாலைக்கு அது பொருந்தும். நமக்கு வடக்கே போனால் ஏற்காடு, தெற்கே போனால் கொல்லிமலை, மேற்கே மைசூர் போகச் சத்தியமங்கலம் வழியென்றால் திம்பம். திம்பத்தில் 2022 முதல் இரவுப் போக்குவரத்துக் கட்டுப்பாடும் உண்டு. சமவெளியில் மட்டும் சுற்றுவேன், மேட்டூர் அணை (1934) போதும் என்பவர் டி1 வகைச் சிறு டிரெய்லரை யோசிக்கலாம்.

வெப்பம், மின்சாரம், கேஸ்

• உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும். 1,237 மீட்டருக்கு 8 டிகிரி. சேலத்தில் 38 என்றால் ஏற்காட்டில் 30. இரவில் இன்னும் குறைவு. அங்கே ஏசி எதற்கு?

• பேட்டரிக் கணக்கு: 12 வோல்ட் × 100 ஆம்பியர் மணி = 1,200 வாட் மணி. மின்விசிறி 30 வாட் × 8 மணி = 240. விளக்கு 10 வாட் × 5 மணி = 50. 12 வோல்ட் ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்குச் சுமார் 430. செல்போன் வகையறா 60. மொத்தம் 780, ஒரு நாள் தாராளமாக ஓடும். இதே பேட்டரியில் 1,000 வாட் ஏசி போட்டால் ஒரு மணி நேரமும் சொச்சமும்தான்.

• எல்பிஜி என்பது புரோப்பேன், பியூட்டேன் கலவை. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் படியும். ஆகவே சிலிண்டர் அறைக்கான காற்றுத் துளை தரைமட்டத்தில் வேண்டும். மேலே ஜன்னல் திறந்திருக்கிறது என்ற சமாதானம் உதவாது. வாசனைக்குச் சேர்ப்பது எத்தில் மெர்காப்டன்.

• வீட்டுச் சிலிண்டர் 14.2 கிலோ, வணிகச் சிலிண்டர் 19 கிலோ. வண்டிக்கு 5 கிலோவே போதும். இந்தியன் ஆயிலின் ‘சோட்டு’ 5 கிலோ சிலிண்டருக்கு முகவரிச் சான்று தேவையில்லை, அடையாளச் சான்று போதும்.

• குளிருக்காகக் கரி அடுப்பை வேனுக்குள் வைத்து மூடிக்கொண்டு தூங்குவது சாவை அழைப்பது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. ஆக்சிஜனைவிடப் பல மடங்கு எளிதாக ஹீமோகுளோபினோடு இணையும். ஏற்காடு, கொடைக்கானல் குளிரில் இந்த ஆசை வரும். வரக் கூடாது.

உரிமமும் மாற்றமும்

• இலகுரக வாகன உரிமம்: 7,500 கிலோ வரம்பு, பிரிவு 2(21). இந்த உரிமம் உள்ளவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தையும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6 அன்று உறுதிசெய்தது. வழக்கு: பஜாஜ் அலையன்ஸ் எதிர் ரம்பா தேவி. முன்னோடி: முகுந்த் தேவாங்கன் வழக்கு, 2017. வாடகைக் கேம்பர் எடுப்பவருக்கு நேரடியாகத் தொடர்புள்ள தீர்ப்பு.

• பிரிவு 52: தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கொன்றில் இதை வலியுறுத்தியது. 182ஏ(4): மாற்றம் ஒன்றுக்கு ரூ. 5,000 அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

• பழைய டிராவலர் வேனை வாங்கி, இருக்கைகளைப் பிடுங்கி, கட்டில் போட்டு, ஆர்.சி.யில் இருக்கை எண்ணிக்கையை அப்படியே விட்டு ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஆய்வாளராகப் போகிறவர் முதலில் பிடிக்க வேண்டிய வண்டி இது. வாங்குபவர் முதலில் தவிர்க்க வேண்டியதும் இதுவே. தீ விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் ஆர்.சி.யைத்தான் முதலில் கேட்கும்.

• தரநிலைச் சோதனை செய்யும் அமைப்புகளில் சில: புனே ஏஆர்ஏஐ, மானேசர் ஐகேட், சென்னை ஒரகடம் ஜிஏஆர்சி. பிரிவு அல்ல, விதி: மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 126.

எங்கே நிறுத்துவது?

• கேரளம் 2021 செப்டம்பரில் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. முதல் கேரவன் பூங்கா இடுக்கி மாவட்டம் வாகமணில், 2022 பிப்ரவரி. ஒரகடத்தில் தொழிற்சாலை வைத்திருக்கும் டெய்ம்லர் இந்தியாவின் பாரத்பென்ஸ் 1017 சேஸில் கட்டிய கேரவனும் கேரளத்தில் அறிமுகமானது. சேஸ் நம் மாநிலத்தில் பிறக்க, சுற்றுலா பக்கத்து மாநிலத்தில் நடக்கிறது.

• மகாராஷ்டிரமும் 2021-இல் கேரவன் கொள்கை வெளியிட்டது.

• தமிழ்நாடு சுற்றுலாக் கொள்கை: 2023 செப்டம்பர். சுற்றுலாவுக்குத் தொழில் தகுதி வழங்கியது. கேரவன் சுற்றுலாவும் அதில் உண்டு. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் தொடங்கிய ஆண்டு 1971.

• 2022 ஜனவரி: மகிந்திரா நிறுவனமும் ஐஐடி மெட்ராஸில் உருவான கேம்பர்வேன் ஃபேக்டரி நிறுவனமும் ஒப்பந்தம். போலேரோ கேம்பர் கோல்டு பிக்கப் மீது நான்கு பேர் படுக்கும் வீடு. உயிரிக் கழிவறை, குளியல் வசதி, ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ். ஏசி விருப்பத் தேர்வு. ஏசியை விருப்பமாக விட்டது புத்திசாலித்தனம்.

• நீலகிரி, கொடைக்கானலுக்கு இ-பாஸ்: 2024 மே 7 முதல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி.

• காப்புக்காட்டுக்குள் இரவு நிறுத்தத் தமிழ்நாடு வனச் சட்டம் 1882 இடம் தராது, வனத்துறை அனுமதி வேண்டும். குரங்கணி காட்டுத்தீ (2018 மார்ச் 11) மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் 2018-க்குக் காரணமானது. சாலையோரத்தில் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்தி அடுப்பு மூட்டுவது படத்துக்கு அழகு. கோடையில் காய்ந்த போதைப்புல்லுக்குப் பக்கத்தில் அது குற்றம். அனுமதியோடு காப்பித் தோட்டம், தங்கும் விடுதி வளாகம், பெட்ரோல் பங்க் என்று கேட்டு நிறுத்தவும். கழிவுத் தொட்டியை ஓடையில் திறந்துவிடுபவர் கையில் இந்த வண்டி இருக்கவே கூடாது.

தேர்ந்தெடுக்கும் வரிசை

முதலில் எந்தச் சாலை என்று முடிவு செய்க. பிறகு எத்தனை பேர், அதிலிருந்து எடை. எடையிலிருந்து வண்டி. உள்ளலங்காரம் கடைசி. கடைகளில் இதே வரிசையைத் தலைகீழாகக் காட்டுவார்கள்.

கொண்டப்பநாயக்கன்பட்டிக் குடும்பம் ஒன்றுக்கு, நான்கு பேர், ஆண்டுக்குச் சில பயணம் என்றால் என் பரிந்துரை: 3.5 டன்னுக்குள் அடங்கும், ஒப்புதல் பெற்ற வேன் வகைக் கேம்பர். ஏசி இல்லாமல், 5 கிலோ சிலிண்டரோடு, பாதித் தொட்டித் தண்ணீரோடு. அதையும் வாங்குமுன் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஏற்காடு ஏறி இறங்கிப் பார்க்கவும். குடும்பத்தோடு, முழுச் சுமையோடு. பிடித்திருந்தால், விற்பவரிடம் ஆர்.சி.யை வாங்கி வாகன வகுப்பு என்ற வரியைப் படியுங்கள். ‘கேம்பர் வேன்/டிரெய்லர் (சொந்தப் பயன்பாடு)’ என்று அதில் இல்லையென்றால் முன்பணம் கொடுக்காதீர்கள்.